வேலுச்சாமி விரலில் இருந்த சிவப்பு

"தொடச்சுக் காட்டுங்கன்னா பொட்டு வச்சுக் காட்டுறாக."

வேலுச்சாமி இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சொத்தைக் கத்தரிக்காயை அடியில் போட்டு நல்லதை மேலே அடுக்கியிருக்கிற சந்தைக்காரியைப் பார்த்தும் சொல்வார். அல்லிநகரத்தில் அவர் தெருக்காரர்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிற்று. வீட்டுக்காரி ராமுத்தாய் மட்டும் அதைக் கேட்டுச் சிரித்ததில்லை. அவளுக்குத்தான் அது எங்கிருந்து வந்ததென்று தெரியும்.

தேனியில் பருத்தி அரைக்கிற ஆலை ஒன்றில் பல்சக்கரம் பார்ப்பது அவர் வேலை. செய்வதும் மாட்டுவதும் வேறு ஆட்கள். வந்த சக்கரம் தேறுமா தேறாதா என்று சொல்வதோடு இவர் வேலை முடிந்தது. உட்கார்ந்து தின்கிற உத்தியோகம் என்று ஆலைக்குள்ளேயே பேசினார்கள். பேசினவர்கள் யாரும் போடியில் அவர் பார்த்ததைப் பார்த்ததில்லை. இளவயதில் அங்கே வேலை செய்தபோது, ஓடுகிற சக்கரத்தில் ஒரு பல் உடைந்து பறந்து, பருத்தி போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் தோளில் இறங்கியது. அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவில்லை.

யுத்த காலம் அது. சீமைச் சக்கரம் வருவது நின்றுபோய், மதுரைப் பட்டறையில் வார்த்துக் கொண்டுவந்தார்கள். ஒன்றைப்போல ஒன்று இருக்காது. வேலுச்சாமி ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பார். காலிப்பரை வைத்துப் பல்லுப் பல்லாகக் கனம் அளப்பார். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவுவார். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் கசிந்து, வெள்ளையில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு தெரியும். கடைசியில் ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துச் சின்னச் சக்கரத்தின் பற்களில் தடவி, பெரிய சக்கரத்தோடு சேர்த்துச் சுற்றுவார். பெரியதில் சிவப்பு எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் இரண்டும் தொடுகிறது என்று அர்த்தம். பல்லின் அகலம் முழுக்க ஒட்டினால் நல்லது. ஓரத்தில் மட்டும் ஒட்டினால் பாரமெல்லாம் அந்த ஓரத்திலேயே விழும். பல் நிற்காது.

அந்த வருஷம்தான் அவர் மகள் ராஜாத்தியும் ஆலைக்குப் பருத்தி போடப் போனாள். அவளுக்குக் கிடைத்த இடம் ஏழாம் மிஷின். பெரிய சக்கரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் மூடியில்லாமல் ஓடும்.

ஏழாம் மிஷினுக்குப் புதுப் பெரிய சக்கரம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேலுச்சாமி வருவதற்குள் முதலாளியின் தாயார் ராக்கம்மாள் பூசையை முடித்துவிட்டாள். சக்கரத்தின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தது. மண்ணெண்ணெய்ச் சட்டியை எடுத்த வேலுச்சாமியை அந்த அம்மாள் தடுத்துவிட்டாள். பூசை போட்ட சக்கரம் ஒரு சுற்றாவது ஓடுகிறவரைக்கும் பொட்டை அழிக்கக் கூடாதாம். ஓடினபிறகு எதில் வேண்டுமானாலும் முக்கிக்கொள்ளலாமாம். ஓடினபிறகு பார்ப்பதற்கு இவர் எதற்கு? அதை வாய்விட்டுக் கேட்க வேலுச்சாமிக்குத் தைரியம் வரவில்லை. உடைகிற பல்லுக்குப் பயந்த மனுசன், முதலாளியின் ஆத்தாளுக்கும் பயந்தார். சுண்ணாம்பு தூவாமலே தட்டிப் பார்த்தார், அளந்தார், செந்தூரம் தடவிச் சுற்றினார். எல்லாப் பல்லிலும் அகலம் முழுக்கச் சிவப்பு. சரி, மாட்டிவைத்துச் சாப்பாட்டுச் சங்குக்கு அப்புறம் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார்.

கையைக் கழுவியும் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. புளித்தண்ணீர் ஊற்றின சோற்றைப் பிசைந்தார். ராமுத்தாய் அவர் விரலையே பார்த்தாள்.

"யாருக்குப் பொட்டு வச்சுவிட்டுட்டு வாறீக?"

"செந்தூரம்டி. என்னைக்கும் உள்ளதுதான்."

"என்னைக்கும் உள்ளது எனக்குத் தெரியாதா? செந்தூரம் புளியில மஞ்சளாகுமாக்கும்? குங்குமந்தேன் ஆகும்."

வேலுச்சாமி விரலைப் பார்த்தார். நகத்தோரம் மஞ்சளாகியிருந்தது. குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும்தான்; புளி பட்டால் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும். அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் குங்குமம் நடுவில்தானே இருந்தது? இவர் தொட்டதெல்லாம் பல்லை அல்லவா?

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ராக்கம்மாள் நடுவில் வைத்ததோடு நிற்கவில்லை. ஒரு பல் விடாமல் குங்குமத்தைத் தடவியிருக்கிறாள். அந்த அம்மாள் பக்கத்தில் நின்ற பயத்தில், அளக்கும்போது பல்லில் கண்ட சிவப்பை நடுவிலிருந்து உதிர்ந்த தூள் என்று இவர் விட்டிருந்தார். காலையில் இவர் பார்த்துத் தேற்றின சிவப்பு, பூசைச் சிவப்பு.

ஆலைச் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

"ஏழாம் மிஷினு" என்றார். ராமுத்தாயின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. எச்சில் கையோடு ஓடினார். வேட்டி காலில் சுற்றியது. செருப்பு எங்கே போனதென்று பார்க்கவில்லை. என்ஜின் முதலில் விட்டுவிட்டுத் தட்டியது, பிறகு சீராகத் தட்டியது. ஒவ்வொரு தட்டும் அவர் நெஞ்சில் விழுந்தது. போடிப் பெண்ணின் தோள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தத் தோளுக்கு மேலே ராஜாத்தியின் முகம்.

உள்ளே போய்க் கத்தினார். இரைச்சலில் எவருக்கும் கேட்கவில்லை. ராஜாத்தி குனிந்து பருத்தி போட்டுக்கொண்டிருந்தாள். வேலுச்சாமி சுவரோரம் சாய்த்திருந்த கம்பை எடுத்து ஏழாம் மிஷினின் பெல்ட்டைக் குத்தித் தள்ளினார். பெல்ட் கழன்று விழுந்தது. சக்கரம் தானாகச் சுற்றிச் சுற்றி, நிற்க மனசில்லாமல் நின்றது.

"என்னப்பா, பருத்தியெல்லாம் சிக்கிப்போச்சு" என்று சலித்துக்கொண்டாள் மகள். இவர் அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினார். சோற்றுப் பருக்கை அவள் கையில் ஒட்டியது.

என்ஜின் டிரைவர் சுருளியாண்டி ஓடிவந்து திட்டினார். வேலுச்சாமி சக்கரத்தைக் கழற்றச் சொல்லி மண்ணெண்ணெயில் போட்டார். ராக்கம்மாள் வந்து நின்று பார்த்தாள். இந்தத் தடவை அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. துடைத்துச் செந்தூரம் தடவிச் சுற்றினால், பதினொரு பல்லில் ஓரத்தில் மட்டும் சிவப்பு. சுண்ணாம்பு தூவிக் காத்திருந்தார்கள். ஒரு பல்லின் அடியில் மெல்ல ஒரு கோடு இறங்கியது.

அந்த அம்மாளிடம் அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார்:

"தொடச்சுக் காட்டுங்கன்னா பொட்டு வச்சுக் காட்டுறாக."

அந்தப் பல் அன்றைக்கே உடைந்திருக்குமா, ஆறு மாசம் ஓடியிருக்குமா, யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அவரைத் தின்கிறது. உடைந்திருந்தால் ஒரு நாள் அழுகை. உடையாததால் தினமும் பயம். ராஜாத்தி இப்போது கம்பத்தில் குடும்பம் நடத்துகிறாள். வரும்போதெல்லாம் அவளைத் திரும்பச் சொல்லித் தோளைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் தண்ணீர் குடிக்கச் சொல்வார்.

வேலையை விட்டு இரண்டு வருஷமாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அல்லிநகரம் பக்கம் போனால் வேலுச்சாமியைப் போய்ப் பாருங்கள். வாசலில்தான் இருப்பார். கொஞ்சம் உட்கார்ந்து சக்கரத்தைப் பற்றிக் கேளுங்கள். சொல்லும்போது அவர் கை நடுக்கம் குறைகிறதென்று ராமுத்தாய் சொல்கிறாள். கையில் குங்குமம் இருந்தால் மட்டும் கழுவிவிட்டுப் போங்கள்.