தொழிலதிபர் வேம்புலியின் சந்தன மாலை

திருநின்றவூர் வேம்புலி காலமானது தொண்ணூற்றேழாம் வருஷம் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு. சேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும். தன் போட்டோவைச் சுவரில் மாட்டி, சந்தன மாலை சாற்றி, கீழே சிவப்பு பல்பை எரியவிட்டவரே அவர்தான். இப்படிப்பட்ட வசதி எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை.

மரணம் நிகழ்ந்த இடம் சென்னீர்குப்பம் சந்திரோதயா டெலி காம்ப்ளெக்ஸில் டிவி சீரியல் எடுக்கும் இரண்டாம் ஃப்ளோர். எண்பத்தாறில் அந்த இடம் தவிட்டு மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது. அங்கே சென்ட்ரிங் பலகை அடிக்கப் போன வேம்புலி திரும்பவே இல்லை. கிடங்கு ஃப்ளோர் ஆயிற்று, ஒரு ஃப்ளோர் நான்காயிற்று, பலகை அடித்தவர் செட் போடுகிறவர் ஆனார். ஆபீஸ் கட்டடத்துக்கு மட்டும் படப்பிடிப்புக்காகப் பிரம்மாவைப் போல நான்கு முகம். கிழக்கே கோர்ட், மேற்கே போலீஸ் ஸ்டேஷன், தெற்கே ஆஸ்பத்திரி, வடக்கே பெண்கள் கல்லூரி. நிஜமான காய்ச்சலோடு தெற்கு வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. கிழக்கு வாசலுக்கு வாய்தா கேட்டு வந்த ஒரு பெரியவரை வாட்ச்மேன் "அடுத்த மாசம் வா" என்று அனுப்பிவிட்டான். அசல் கோர்ட்டில்கூட இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்ததில்லை என்று அவர் வாழ்த்திவிட்டுப் போனார்.

இரண்டாம் ஃப்ளோரில் காலையில் ஒரு சீரியல், மதியத்துக்கு மேல் இன்னொன்று. ஒரே சோபாவில் காலையில் கோடீஸ்வரர் உட்காருவார், மாலையில் அதற்கு உறை மாற்றினால் குமாஸ்தா உட்காருவார். மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். கடிகாரத்தில் மணி பத்து பத்து, பூச்சாடியில் ஏழு பூ, மாடிப்படி மூலையில் வெண்கல யானை, அதன் தும்பிக்கை வாசலைப் பார்த்து. இதற்குக் கண்டினியூட்டி என்று பெயர். அந்த மதத்தின் தலைமைப் பூசாரி வேம்புலி. பதினோரு வருஷத்தில் யானை ஓர் அங்குலம் திரும்பியதில்லை. "வேம்புலி மாட்டினா சரியாத்தான் இருக்கும்" என்று சுவரை யாரும் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

அந்தக் காலைச் சீரியலின் முதல் நாள், கதாநாயகியின் செத்துப்போன அப்பாவுக்குப் போட்டோ கொண்டுவர எல்லோரும் மறந்துவிட்டார்கள். டைரக்டர் மனோகரன் ஃப்ளோரில் இருந்த ஆண்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். கேமராமேனுக்கு வழுக்கை. மேனேஜர் முகத்தில் இப்போதுதான் யாரையோ ஏமாற்றிய களை. "செத்தவனுக்கு ஒரு கம்பீரம் வேணும்யா" என்றவரின் கண் வேம்புலியின் மீசையில் வந்து நின்றது. இரவல் கோட்டு, இரவல் கண்ணாடி. ஒரு மணி நேரத்தில் பூந்தமல்லியிலிருந்து போட்டோ ஃப்ரேம் போட்டு வந்துவிட்டது. ஆறு நாற்பது ரயிலுக்கு ஆவடியில் கால் கடுக்க நிற்கும் வேம்புலி, மூன்று மில்லுக்குச் சொந்தக்காரராக அமரரானார்.

அவர் மனைவி புஷ்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சீரியல் வரும் ஒன்றரை மணிக்குத் தெருவையே டிவி முன்னால் கூட்டிவைத்து, "அதோ, எங்க ஊட்டுக்காரரு!" என்று காட்டினாள். ஒரு வாரம் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. தினமும், செத்தவரின் மனைவியாக நடிக்கும் வனஜாம்மா அந்தப் படத்தின் முன்னால் வெள்ளைப் புடவையோடு விழுந்து அழுகிறார். தெருவும் சேர்ந்து அழுகிறது. அழுதுவிட்டு வெளியே வந்தால் எதிரில் புஷ்பா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. பார்க்கிறவர்களுக்கு எப்படியிருக்கும்?

ஐப்பசியில், வேப்பம்பட்டில் இருக்கும் புஷ்பாவின் அக்கா கன்னியம்மாளின் மகளுக்கு வளைகாப்பு. சித்தி என்ற முறையில் புஷ்பா தட்டில் வளையலோடு எழுந்தாள். கன்னியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ அப்பால போடுடி."

"ஏன்கா?"

"புள்ளத்தாச்சி பொண்ணு. மனசுல ஒரு மாதிரி கீது. தெனமும் மாலையும் வெளக்குமா பாத்துகினு..."

புஷ்பா சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த நாகவல்லி மட்டும் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நாகவல்லி கன்னியம்மாளின் ஓரகத்தி. புருஷன் போய் மூன்று வருஷம். அவரை யாரும் டிவியில் காட்டவில்லை, நிஜமாகவே போனார்.

"இங்க வந்து குந்து. இங்கனா யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் நாகவல்லி.

பந்தலில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த வேம்புலியின் முன்னால் புஷ்பா வந்து நின்றாள். "கெளம்பு." ஒரு ஸ்டேஷன் தூரம்தான் ரயில். திருநின்றவூர் பிளாட்பாரத்தில் இறங்கியதும் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"அந்த மாலைய எறக்கு. எறக்கிட்டு ஊட்டுக்கு வா."

"அது நாடகம்டி."

"நாடகம்தானே? அப்ப எறக்கறதுல இன்னா கஷ்டம்?"

மறுநாள் காலை மனோகரனிடம் போனார்.

"சார், அந்த மாலைய எடுத்துடலாம் சார்."

"எந்த மாலைய?"

"என் மாலைய."

மனோகரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வேம்புலி, நீ செத்து நூத்திப் பன்னெண்டு எபிசோட் ஆச்சு. இப்ப வந்து என்னய்யா?"

"என் சம்சாரத்த வளையல் போட உடலை சார்."

"அது அவங்க அறியாமை. நாம கலைஞர்கள், அதுக்கெல்லாம் வளைஞ்சு கொடுக்கலாமா? மாலைய எடுத்தா கண்டினியூட்டி என்ன ஆவறது? மத்தவன் கேக்கலாம், நீ கேக்கலாமா?"

அந்த இடத்தில்தான் வேம்புலிக்கு வலித்தது. பதினோரு வருஷமாக யானையின் தும்பிக்கையை வாசலைப் பார்க்க வைத்தவருக்கு, தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று அப்போதுதான் யோசனை வந்தது.

"வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் தரேன் சார். அப்பறம் நானே எடுத்துடுவேன்."

"பொணம் நோட்டீஸ் குடுக்குதுய்யா!" என்றார் கேமராமேன். ஃப்ளோரே சிரித்தது. வேம்புலி சிரிக்கவில்லை. போய் கடிகாரத்தைப் பத்து பத்துக்குத் திருப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

வனஜாம்மா ஒரு நாளைக்கு மூன்று சீரியலில் அழுகிறவர். கிளிசரின் கிடையாது, ரீடேக் கிடையாது. எழுதிய மை காய்வதற்குள் வசனச் சீட்டு கைக்கு வரும். முன்கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அம்மையார் செட்டைப் பார்த்தே கதையைத் தெரிந்துகொள்வார். தொட்டில் தொங்கினால் பேரன் பிறந்துவிட்டான், சோபா இல்லாவிட்டால் வீடு ஜப்தி. இருபது வருஷ அனுபவம், ஒருநாளும் தவறியதில்லை.

அன்றும் கேமரா அவர் முகத்தில் தொடங்கி டிராலியில் மெல்லப் பின்வாங்கியது. வனஜாம்மா அழுதபடியே படத்தின் பக்கம் திரும்பினார். மாலை இல்லை. பல்பும் எரியவில்லை. ஒரு நொடி, ஒரே நொடிதான் நின்றார். சீட்டில் இருந்த வசனம் போயே போய்விட்டது.

"யார் சொன்னது?" என்று வீடே அதிரக் கேட்டார். "என் புருஷன் போயிட்டார்னு யார் சொன்னது? உடம்பைப் பார்த்தவங்க யாராவது இருந்தா முன்னாடி வாங்க!" எதிரில் நின்ற மைத்துனர் வேஷக்காரர் வசனத்தில் இல்லாத ஓர் அறையை வாங்கிக்கொண்டார். அம்மையார் நேரே பூஜை மாடத்துக்குப் போய், குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் அழுத்தி வைத்தார். "இதை அழிக்கறதுக்கு உங்கள்ல எவனுக்குடா தைரியம் இருக்கு?"

கட் சொல்ல மனோகரனுக்கு நாக்கு எழவில்லை. லைட்மேன்கள் கை தட்டினார்கள். அப்புறம்தான் அவர் சுவரைப் பார்த்தார்.

"எவன்யா மாலைய எடுத்தது?"

"நான்தான் சார்." வேம்புலி மாலையைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார். "நோட்டீஸ் குடுத்தேனே."

"வெளிய போய்யா! இனிமே இந்த காம்பவுண்டுக்குள்ள..."

"போறேன் சார். மாலையயும் எடுத்துகினுதான் போவேன்."

அதற்குள் வனஜாம்மா முகத்தைத் துடைத்தபடி வந்தார். "டைரக்டர் சார், பிரமாதமான திருப்பம்! அவர் உயிரோட இருக்கார்னு முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லா செஞ்சிருப்பேன்." சொல்லிவிட்டு அடுத்த சீரியலில் அழக் காரேறிவிட்டார். நாலு மணிக்குள் டேப் டிவி நிலையத்துக்குப் போயாக வேண்டும். வேறு காட்சி கையில் இல்லை.

வாசலைக் காட்டி நீண்ட மனோகரனின் கை அப்படியே வளைந்து வேம்புலியின் தோளில் விழுந்தது. "இந்தத் திருப்பம் என் மனசுல ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருந்துச்சு வேம்புலி" என்றார்.

உயிரோடு இருக்கிறவர் திரும்பி வந்தாக வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு எபிசோட் ஒரே முகம் சுவரில் தொங்கியிருக்கிறது, வேறு ஆளைப் போட முடியாது. கண்டினியூட்டி! வேம்புலி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "திரும்ப சாவ மாட்டேன் சார். எழுதிக் குடுங்க." புரொடக்ஷன் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வேஷம் பெரிதல்ல. கோட்டோடு சோபாவில் உட்கார்ந்து "ம்" சொல்ல வேண்டும். சந்தேக ம், கோப ம், மகளை மன்னிக்கும் ம் என்று நாலைந்து வகை பழக்கினார்கள். கடைசியாக ஒன்று, பேச்சு முடிந்தது என்கிற ம்.

"பொழச்சிகினியா நைனா!" என்று ரயிலில் கீரைக்காரம்மா ஒரு கட்டு அரைக்கீரையைச் சும்மா கொடுத்தாள்.

தை மாதம் கன்னியம்மாளின் பேத்திக்குத் தொட்டில் போட்டார்கள். கூடத்தில் கூட்டம். கன்னியம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"புஷ்பா, நீதான் மொதல்ல புள்ளய தொட்டில்ல உடணும், வா வா."

புஷ்பா எழுந்திருக்கவில்லை. "இன்னாக்கா, டிவில பொழச்சி வந்துட்டாருன்னு கூப்புடறியா?"

"அய்ய, அதெல்லாம் இல்லடி..."

"அடுத்த வாரம் திரும்பி சாவடிச்சிட்டா? பாதில புள்ளய என் கைலருந்து புடுங்கிப்பியா?" அவள் சுவரோரம் திரும்பினாள். "நாகவல்லிக்கா, நீ எழுந்து வா. நீ உடு மொதல்ல."

"நான் எதுக்குடி, உட்டுடு" என்றாள் நாகவல்லி.

"அன்னிக்கு எனக்கு எடம் உட்டியே. எழுந்துரு."

கன்னியம்மாளுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆண்கள் பக்கம் திரும்பி, பொண்டாட்டியை அடக்கச் சொல்லும் தோரணையில் வேம்புலியைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லு தம்பி. ஊருக்குன்னு ஒரு மொற இல்லையா?"

எல்லோரும் தொழிலதிபரைப் பார்த்தார்கள். வேம்புலி மீசையை ஒரு தடவை நீவினார். முதுகை நிமிர்த்தினார். பழகியதில் கடைசி வகையை எடுத்து நிதானமாகப் போட்டார்.

"ம்."

நாகவல்லி எழுந்து வந்தாள். குழந்தையை வாங்கித் தொட்டிலில் விட்டாள். அது வீறிட்டு அழுதது. ரீடேக் யாரும் கேட்கவில்லை.