லிஃப்டில் தொப்பை சொன்னது

அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. தையல் உட்கார்ந்தே செய்கிற வேலைதான், ஆனால் அவள் பாதித் தையலில் எழுந்து வாசலுக்குப் போய், தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் மீதியை முடிப்பாள். புதுத்துணி தைக்க மாட்டாள். பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்ததை மறுபடி விடுவது. வீட்டின் முன்னறைதான் கடை. "ஊர்ல இருக்கிறவங்க உடம்பு ஏறி இறங்குற வரைக்கும் எனக்குச் சோத்துக்குக் கவலை இல்லை" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பட்ட பாடு இருக்கிறதே, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்கூட அப்படித் தவித்திருக்க மாட்டாள். காலையிலிருந்து ஒரே பேன்ட்டை மூன்று தரம் பிரித்துவிட்டாள். காரணம் உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. புருஷன் மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் வேலை. கிடங்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், ஆளையும் வரச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் பஸ். போன வாரம் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், "நீயும் வர்றியா?" என்று கேட்டார். இவள் "பார்க்கலாம்" என்றாள். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கட்டின பெண்டாட்டி கூட வருவாளா மாட்டாளா என்பதற்கு ஒரு மனுஷன் செலவழித்த சொல் மூன்றே மூன்று! நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே மகள் படிக்கப் போய் விடுதியில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருப்பது இவர்கள் இரண்டு பேரும், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டிவியும். மனிதர் நல்லவர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் வாய் என்று ஒன்று சாப்பிட மட்டும்தான். சரியான கல்லுளிமங்கன். அங்கே போனாலும் இதே ஊமைப்படம்தானே ஓடப்போகிறது? இங்கே கைக்குப் பழகின கடையாவது இருக்கிறது. போவதா, இருப்பதா? ஒரு வாரமாக இதுதான் அவளை உட்கார விடாமல் அடித்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

'ஏழாவது மாடி' என்று ஒரு கார்ட்டூன் தொடர். தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் முடிகிற வழியைக் காணோம். ஏழாவது மாடியில் ஒரு குடும்பம், அந்தக் கட்டடத்தில் என்றைக்கும் ஒழுங்காக வேலை செய்யாத ஒரு லிஃப்ட். அப்பாவுக்குப் பெயர் தொப்பை, அம்மாவுக்குப் பெயர் புயல். வாய் ஓயாமல் வாதாடுகிற ஒரு கிளி, அதன் பெயர் வக்கீல். இதற்குப் பைத்தியமாக ஒரு கூட்டம் ஞாயிறு மத்தியானம் செல்போன் ரிப்பேர் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காரும். டிவி கடைக்காரருடையது, அதனால் அவர்தான் நீதிபதி. ஒரு பஸ் கண்டக்டர், மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண், அப்புறம் இவள். எந்த எபிசோட் உசத்தி என்பதில் அவர்கள் போடுகிற சண்டையைக் கேட்டால் சொத்துத் தகராறு என்றுதான் நினைப்பீர்கள்.

அங்கே இவளுக்குப் பட்டப்பெயர் 'பழைய சீசன் அக்கா'. மற்றவர்கள் எல்லாம் பிந்தி வந்தவர்கள். முதல் சில வருஷத்து எபிசோடுகள் எங்கேயும் கிடைக்காது, இவள் சொன்னால்தான் உண்டு. அதனால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இவள் சாதிப்பாள், மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

இன்றைக்குக் கடைசிச் சுற்று. இத்தனை வருஷத்தில் எது தலைசிறந்த எபிசோட் என்று முடிவு கட்டியாக வேண்டும். உள்ளறையில் கயிறு இறுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல், "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"கிளி கோர்ட்டுக்குப் போனதுதான். அதுக்கு மேல ஒண்ணு இருந்தா நான் நாளையிலேர்ந்து விசில் ஊதுறதை விட்டுடுறேன்" என்றார் கண்டக்டர்.

"சும்மா இருங்கண்ணே. புயல் முதல் நாள் வேலைக்குப் போறதுக்குக் கிட்ட வருமா அது? தொப்பை சமையல்கட்டுல நின்னு முழிக்கிறதைப் பார்த்து எனக்கு வயிறு புண்ணாயிடுச்சு" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்றாள் இவள், உட்காராமலே. "லிஃப்ட் எபிசோட். புருஷன் பெண்டாட்டிக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை. லிஃப்ட்டுக்குள்ள ரெண்டு பேரும் மாட்டிக்கிறாங்க. ஒரு மணி நேரம். கடைசியில கதவு திறக்குது, புயல் வெளியே கால் வைக்கிறா. அப்போ தொப்பை சொல்வான் பாருங்க, 'நான்தான் லிஃப்ட்டை நிறுத்துற சுவிட்சை அமுக்கினேன். கதவு திறந்தா நீ வேற பக்கம் பார்த்துட்டுப் போயிடுவே. உன் பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்கணும்னு இருந்துச்சு.' இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

வீட்டில் சண்டை வரும்போதும் அதைத்தான் எடுத்து வீசுவாள். "ஒரு பொம்மைக்கு இருக்கிற பாசத்துல கால்வாசி உங்களுக்கு இருக்கா?" எருமை மேல் மழை பெய்த மாதிரி அவர் கேட்டுக்கொண்டு நிற்பார்.

கடைக்காரர் ரிமோட்டை எடுத்தார். "அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பழைய சீசன் எல்லாத்தையும் நெட்டுல ஏத்திட்டாங்க. நீங்க சொல்லிச் சொல்லி எங்களுக்கும் ஆசை. இப்போ எல்லாரும் சேர்ந்து பார்த்துடலாம்."

படம் ஓடியது. முதலில் அவளுக்கு உறுத்தியது லிஃப்ட்டின் நிறம். அவள் மனசில் அது பச்சை. இங்கே சிவப்பு. தொப்பையும் புயலும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள், சரி. பேச்சில்லாத புருஷன் பெண்டாட்டி இல்லை, எடுத்த எடுப்பிலேயே காட்டுக் கத்தல். வக்கீல் கிளி போன் போட்டுத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தது. வந்தவர்கள் கதவைப் பிளந்தார்கள். தொப்பையின் வயிறு நடுவில் சிக்கிக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். எபிசோட் முடிந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, செல்லாத டிக்கெட்டை வச்சுக்கிட்டு இத்தனை நாள் ஜன்னல் சீட்டுல வந்திருக்கீங்களே!" என்று கண்டக்டர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

"இருங்கண்ணே. வேற எபிசோடா இருக்கும்" என்று மருந்துக்கடைப் பெண் கடைக்காரரின் செல்லை வாங்கித் தேடினாள். தொப்பை மொட்டைமாடியில் பெண்டாட்டி புடவையைத் துவைத்தது? இல்லை. புயலுக்குக் காய்ச்சல் வந்தபோது தொப்பை ஏழு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினது? அதுவும் இல்லை. இவள் சொல்லிச் சொல்லி அவர்கள் மெய்மறந்த எதுவுமே அதில் இல்லை. "அக்கா, இதையெல்லாம் நீங்க எங்கே பார்த்தீங்க?"

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. எங்கே பார்த்தாள்? அவள் பார்க்கவே இல்லையே! அந்த வருஷங்களில் அவளுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட். சாயங்காலம் தொடர் ஓடும்போது அவள் மெஷினில் இருப்பாள். வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் புருஷன்தான் கதை சொல்வார். அவர் சொல்லிக் கேட்டதைத் தான் கண்ணால் பார்த்ததாகவே இத்தனை காலம் நம்பியிருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். வந்த வேகத்தில் ஒரு காலில் இருந்தது அவள் செருப்பே இல்லை.

புருஷன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"லிஃப்ட் எபிசோட்ல கடைசியில என்ன நடக்குது?"

"எந்த லிஃப்ட்டு?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. பார்த்துட்டு வர்றேன். தொப்பை அப்படி ஒரு வார்த்தை சொல்லலை. டப்புனு வெளியே வந்து விழறான். மொட்டைமாடியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நாலு பேர் முன்னாடி என் மூக்கு உடைஞ்சு போச்சு. சொல்லுங்க, என்ன பண்ணி வச்சீங்க?"

அவர் கயிற்றின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நேரத்தை மாத்திட்டாங்க" என்றார். "சாயங்காலம் போட்டதை மத்தியானம் மூணு மணிக்குப் போட ஆரம்பிச்சான். மூணு மணிக்கு நான் ஐஸ் ரூம்ல பெட்டி அடுக்கிட்டு இருப்பேன்."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் வந்தேன். நீ கையைக் கழுவிட்டு உட்கார்ந்து, 'ம், இன்னைக்கு என்ன ஆச்சு?'ன்னு கேட்டே. மூஞ்சியில அவ்வளவு ஆசை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிரிச்சே. மறுநாளும் கேட்டே. வேலையில நின்னுக்கிட்டே யோசிச்சு வைப்பேன், இன்னைக்கு இவளுக்கு என்ன சொல்றதுன்னு. லிஃப்ட் நிக்கிறது மட்டும் விளம்பரத்துல பார்த்தது. மத்ததெல்லாம் என் சரக்கு."

இத்தனை வார்த்தை அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"நீ தொழிற்சாலையை விட்டுட்டு வீட்டுலேயே மெஷின் போட்டே. டிவியை நீயே பார்க்க ஆரம்பிச்சே. நிஜத் தொப்பை வந்தப்புறம் என் தொப்பைக்கு என்ன வேலை? வாயைத் திறந்தா மாட்டிக்குவேனோன்னு பயம். பேசாம இருந்தேன். அதுவே பழகிப் போச்சு."

"எத்தனை தரம் அந்தப் பொம்மையைக் காட்டி உன்னைக் கேவலப்படுத்தினேன்!" கோபம் தலைக்கேறினால்தான் அவளுக்கு 'நீ' வரும். "அப்பவாவது 'அடியே, அவன் நான்தான்டி'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டாள். நல்லா இருக்கே கதை என்று இன்னும் நாலு போட்டிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த லிஃப்ட் கதை சொன்ன அன்னைக்கு..." என்று அவரே ஆரம்பித்தார். "நமக்குள்ள சண்டை. நீ பேச மாட்டேன்னு இருந்தே. அன்னைக்கு நீ கதை கேட்கவே இல்லை. நானாத்தான் சொன்னேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், திரும்பிப் பார்க்காமல். மறுநாள் சண்டை எப்படித் தீர்ந்தது என்று அவள் யோசித்ததே கிடையாது.

"பாவி மனுஷா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் புயல் மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? கொடுத்து வச்சவ, இப்படி ஒரு புருஷன்னு. ஒரு பொம்மையைப் பார்த்து வயிறு எரிஞ்சேன். அது நானேதானா!"

பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறு பக்கத்தை அவள் பிடிக்க, இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள். வழியெல்லாம் அவள் காத்திருந்தாள். இப்போது கேட்பார், அந்த முனை திரும்பினதும் கேட்பார் என்று. கேட்கவில்லை. பெட்டியை மேலே ஏற்றினார், சீட்டைப் பிடித்தார், ஜன்னல் வழியே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஏறினார். இன்ஜின் உறுமியது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? போ, போய்த் தொலை, உன்னைத் திருத்த முடியாது என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"ஏய்!"

பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. மனிதர் தோள்வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே இருந்தார். "வந்துடுடி! கதை இல்லை, நெசமா சொல்றேன்! மெஷின் வைக்க இடம் பார்த்துட்டேன், வெளிச்சமான இடம்! நீ இல்லாம என்னால அங்கே இருக்க முடியாது!"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். அவளுக்கு மானமே போய்விட்டது. "உள்ளே போங்க, கழுத்து போயிடப் போகுது!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் பக்கத்துத் தெருப் பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். காலையில் அவள் மூன்று தரம் பிரித்த பேன்ட் அவருடையதுதான். அவள் நின்றவாக்கிலேயே அதைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, கையில் கொடுத்தாள். "துணி கொடுத்தவங்க எல்லாரையும் சீக்கிரம் வந்து வாங்கிக்கச் சொல்லுங்கய்யா. கடையைக் காலி பண்றேன்."

"என்னம்மா இது, திடுதிப்புன்னு? என்ன அவசரம்?"

"எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சிருக்காருய்யா" என்றாள். "நிறுத்துறதுக்குள்ள போய்ச் சேரணும்."