டிரில்லர் வீட்டுக்குப் போன காற்று

என் மாமனார் மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. அதற்காக அவர் வைத்திருந்த உபாயம் சயனைடு மேட்டைப் பார்ப்பது. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி மலைபோல் எழும்பிய மேடு அது. எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். கோல்ஃப் மைதானத்தின் நடுவில் மட்டையை ஊன்றிக்கொண்டு, இடது கையை நெற்றிக்கு மேல் குவித்து, அதை அன்றுதான் புதிதாகக் கண்டவர் போல உற்றுப் பார்ப்பார். கூட ஆடுகிறவர்களும் மரியாதைக்காகக் கொஞ்சம் பார்த்து வைப்பார்கள். தோள்கள் ஏறி இறங்குவது அடங்கியதும், "ம், போலாம்" என்று நடக்கத் தொடங்குவார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் எனக்கு மட்டும் அந்த மேட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்பது தெரியும்.

நான் பூதிகோட்டையில் ராகி விதைக்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகி மைசூர் மைன்ஸ் பக்கத்தில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு வந்தபோது சுரங்கம் மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கணவர் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போவார், இருட்டியபின் வருவார். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். முன்னறையில் புத்தர் படம், அதன் கீழே என் தையல் மெஷின், ஜன்னலோரம் மாமாவின் நாற்காலி. பகல் முழுவதும் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். பூமிக்கடியில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை பார்த்தவர் அவர். வெடித்தபின் எழும் தூசி அவருடைய நெஞ்சில் தங்கிவிட்டது. சுரங்கத்தை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அது மட்டும் வெளியே வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குக் கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் அந்த மைதானம் ஆபீசர்களுடையது. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் வேலிக்கு இப்பால் நின்று பார்த்ததோடு சரி. மூடியபின் ஆபீசர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனார்கள். ஆள் இல்லாத கிளப், சந்தா கட்டுகிற யாரும் வரலாம் என்று கதவைத் திறந்தது. முதல் வாரமே மாமா உள்ளே போய்விட்டார். ஊரைவிட்டுப் போன ஓர் ஆபீசர் கொடுத்த பழைய மட்டைகள்தான் அவருடைய சொத்து. இந்த வயதில் இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "அடிக்கறப்ப தலைய தூக்காதேன்றாங்க. அது எனக்குப் பழக்கம்தான்மா, காலம்பூரா குனிஞ்சே நடந்தவன். அடிச்சப்புறம் தூக்கிப் பாக்கலாம் இல்ல? பந்து போறத, வானத்த... அதுக்குத்தான் போறேன்" என்றார்.

அவர் தனியாகப் போவது கணவருக்குப் பயமாக இருந்தது. அதனால் பை தூக்க நான் கூடப் போனேன். ஒருநாள் மாமா மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சும்மா ஒரு மட்டையை எடுத்து வீசினேன். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை. பந்து நான் நினைத்ததைவிட வெகுதூரம் போயிற்று. மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, மம்முட்டி போட்ற மாதிரி போட்ற!" அன்றிலிருந்து ஆள்மாற்றி ஆள் அடித்துக்கொண்டே நடந்தோம். புல்தரை கிடையாது எங்கள் மைதானத்தில். செம்மண், காய்ந்த கோரை, ஆடு மேய்ந்த தடம். மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப்புல் இருக்குமாம். எங்களுக்கு எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான், அதற்குப் பெயரே பிரவுன். இரும்புக் கம்பியால் மணலை இழுத்துச் சமன்செய்துவிட்டுப் பந்தை உருட்ட வேண்டும். அடித்தவர் பின்னால் வருகிறவருக்காகத் தன் கால் தடத்தை அழித்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஆட்டத்தில் எனக்கு முதலில் பிடித்தது அந்த வழக்கம்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் ஒரு போட்டி நடக்கும். இருவர் ஒரு ஜோடி. ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். பெங்களூரிலிருந்தும் ஆட வருவார்கள். ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு என்று எதுவும் கையில் வராது. அந்த வருஷம் சேர்கிற உதவி யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமைதான் பரிசு. ஒவ்வொரு ஜோடியும் முதல் அடிக்கு முன்னால் எல்லோர் காதிலும் விழும்படி ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் விதவைக்குத் தையல் மெஷின், இன்னொரு வருஷம் நடக்க முடியாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலி என்று போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லும் வருஷம், அங்கே வந்து ஆடும் ஒருவர் ஆக்சிஜன் மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கரண்டில் ஓடும், காற்றைச் சுத்தப்படுத்தி மூக்குக்குக் கொடுக்கும். அதைக் கேட்டதும் என் மனசு எங்கள் வீட்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போயிற்று. இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாமா உட்கார்ந்தே தூங்கத் தொடங்கியிருந்தார்.

மாமாவோடு வழக்கமாக ஜோடி சேரும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன். கிளப் செகரட்டரியிடம் மாமா, "எம் மருமவ ஆடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். பெயர் சொல்லும் முறை வந்தது. மாமா நெஞ்சை நிமிர்த்தி, அடுத்த லைனில் இருந்த, ஊரே டிரில்லர் என்று கூப்பிடும் மனிதரின் பெயரைச் சொன்னார்.

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரில்லரும் மாமாவும் ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் ஒரே கேஜில் இறங்கி ஏறியவர்கள். பாறையில் துளை போடுவது அவர், அதில் வெடி வைப்பது இவர். சுரங்கம் மூடப்போகிறது என்றபோது சங்கத்தில் இரண்டு கட்சி உண்டானது. விருப்ப ஓய்வை வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று மாமா எழுந்து பேசினார். கையெழுத்துப் போடக் கூடாது, கடைசிவரை நின்று போராடலாம் என்றார் டிரில்லர். ஓட்டு மாமா பக்கம் விழுந்தது. "குழிய வித்தவன்" என்று டிரில்லர் கூட்டத்திலேயே சொன்னார். அதோடு பேச்சு அறுந்தது. என் மாமியார் செத்தபோதுகூட அவர் வாசலுக்கு வரவில்லை. அவருடைய மகன் கல்யாணத்துக்கு மாமா போகவில்லை. அதே தூசி அவருடைய நெஞ்சிலும் இருந்தது, இன்னும் அதிகமாக.

முதல் அடி அடித்துவிட்டு நடக்கும்போது கேட்டேன். "அது நமக்கு வேணும் மாமா. நீங்க எப்படித் தூங்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"நம்ப பேர நாமே சொல்லிக்கலாமா? அது ஆட்டத்துல இல்லம்மா."

"சரி. ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"அவன் ட்ரில் பண்ண ஓட்டைலதான் நான் மருந்து வெப்பேன். அவன் ஓட்டை கோணலா இருந்தா நான் செத்தேன். ஒரு நாளும் கோணல் இல்ல" என்றார். பிறகு மேட்டைப் பார்க்க நின்றுவிட்டார்.

கோபத்தோடுதான் ஆடினேன். கோபம் என் கைக்கு நல்லது செய்தது. கடைசியில் எங்களோடு மிஞ்சியது பெங்களூரிலிருந்து வந்த இளம் தம்பதி. பங்காருபேட்டையில் ஒரு முதியோர் இல்லத்தின் பெயரை அவர்கள் சொல்லியிருந்தார்கள். கடைசிக் குழிவரை சமமாகவே வந்தோம். அங்கே நான் அடித்த பந்து உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்துவிட்டது. மாமா முள்ளுக்குள் கால் வைத்து நின்று, குறுக்காக ஒரு தட்டுத் தட்டி அதை வெளியே எடுத்தார். அந்த ஒரு தட்டோடு அவருடைய மூச்சு தீர்ந்தது. சயனைடு மேட்டின் பக்கம்கூட முகம் திருப்பாமல் ஒரு கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாமதம் செய்தால் ஆட்சேபிக்க எதிராளிக்கு உரிமை உண்டு. அந்தப் பையன் தன் மட்டையைத் தரையில் வைத்துவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "நிதானா அங்கிள், நிதானா" என்றான் கன்னடத்தில். அவன் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கோல்ஃப் பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இருவரும் ஞாபகம் வருவார்கள்.

நான் பந்தைப் பிரவுனில் ஏற்றினேன். மாமா எழுந்து வந்து, நீளமாக ஒரு உருட்டு உருட்டினார். குழிக்கு ஒரு முழம் தள்ளிப் பந்து நின்றது. தம்பதி தங்கள் ஆட்டத்தை முடித்திருந்தார்கள். இதை நான் போட்டால் ஜெயித்தோம். தவறினால் இன்னொரு குழி ஆட வேண்டும், அதற்கு மாமாவிடம் மூச்சு இல்லை. மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது உள்ளே விழுந்தால் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய காற்று, மாமியார் சாவுக்கு வராத மனிதருடைய வீட்டுக்குப் போகும். மாமா என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். "இன்னாம்மா பாத்துனே நிக்கற? போடு" என்றார், இட்லித் தட்டில் மாவு ஊற்றச் சொல்கிற மாதிரி. போட்டேன். குழிக்குள் அது விழுந்த சத்தம் மிகச் சின்னது.

மறுநாளே செகரட்டரி மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டிரில்லர் வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி எங்கள் வாசலில் வந்து நின்றார். "அவன் பேர் சொல்லி வந்த காத்து எனக்கு வாணாம்" என்று டிரில்லர் கதவைச் சாத்திவிட்டாராம். மெஷின் எங்கள் முன்னறையில் இறங்கியது. "இங்க சும்மாத்தானே கிடக்குது, நீங்களாவது போட்டுக்குங்க" என்று கெஞ்சினேன். "அது என்னுது இல்ல" என்றார் மாமா. அதன் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து ஒரு காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, "தள்ளிக்கினு வா" என்றார்.

அடியில் சின்னச் சக்கரங்கள் வைத்த மெஷின் அது. லைன் சந்தில் கடகடவென்று நான் தள்ளிக்கொண்டு போக, வாசலுக்கு வாசல் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டிரில்லரின் மனைவி கதவைத் திறந்தார். டிரில்லர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார்.

"இன்னா, ஜெயிச்சத காட்ட வந்தியா?"

"மொதல்ல உக்காரச் சொல்லுடா. மூச்சு முட்டுது."

ஸ்டூல் வந்தது. இருவரும் கொஞ்சநேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கி நீ பேசனது தப்புன்னு சொல்லு. வாங்கிக்கறேன்" என்றார் டிரில்லர்.

"சொல்ல மாட்டேன். எனக்கு அது சரின்னு பட்டுது, சொன்னேன். ஒனக்கு ஒன்னுது சரி. காத்துக்கு ஏதுடா சங்கம்?"

டிரில்லர் சுவரைப் பார்த்தார். நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "அவருக்கும் இதுதாங்க வேணும். படுக்கவே முடியாம உக்காந்துனே தூங்கறாரு. அப்பவும் உங்க பேரத்தான் சொன்னாரு."

டிரில்லர் முகத்தைத் திருப்பி மாமாவின் நெஞ்சுக்கூட்டைப் பார்த்தார். ஏறி இறங்கும் அந்த இரண்டு தோள்களையும் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எவ்ளோ நாளா?" என்றார். டிரில்லர் தன் மனைவியிடம், "அந்த ஸ்டூல இப்படிக் கிட்ட இழுத்துப் போடு. இன்னொரு டியூபு வாங்கியாரச் சொல்லு" என்றார்.

அதன்பின் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமா அடுத்த லைனுக்குப் போய்விடுவார். ஆளுக்கொரு குழாய், ஒருவர் மாற்றி ஒருவர். ஓய்வு விஷயம் சரியா தப்பா என்ற சண்டையை அவர்கள் விடவே இல்லை. குழாய் போட்டிருப்பவர் கேட்க வேண்டும், போடாதவர் பேச வேண்டும் என்று டிரில்லரின் மனைவி சட்டம் போட்டிருந்தார். கூட்டிவரப் போகும் நாட்களில் சந்துமுனையிலேயே எனக்கு அவர்கள் சிரிப்பும் இருமலும் கேட்கும். அடுத்த மழைக்காலத்தில், அந்த வீட்டு ஸ்டூலிலிருந்து திரும்பி வந்த ஒரு சாயங்காலம், மாமா போய்விட்டார். பாடையின் முன்னால் நடக்க முடியாத டிரில்லர், ஆட்டோவில் உட்கார்ந்து சுடுகாடுவரை வந்தார்.

இன்று அந்த மைதானத்தில் பாதியை உண்ணிச்செடி பிடித்துவிட்டது. பெங்களூரிலிருந்து பெரிய கார்களில் ஆட வருகிறார்கள், அவர்களில் தலை நரைத்த அந்தத் தம்பதியும் உண்டு. நானும் தவறாமல் ஆடுகிறேன். தோற்ற வருஷங்கள்தான் அதிகம். பெயர் சொல்லும் முறை வரும்போதெல்லாம், மாமா இறந்து சில வாரங்களில் டிரில்லர் அங்கே வந்த அந்தக் காலை நேரம் எனக்குள் ஓடும். வாழ்நாளில் அந்த வேலிக்குள் கால் வைக்காதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, கடைசிப் பிரவுன்வரை வந்தார். எந்தக் குழி என்று கேட்டார். காட்டினேன். மெல்லக் குனிந்து அதற்குள் கையை விட்டார்.

"இம்மாந்தூண்டா? நாங்க எறங்கின சொரங்க ஷாஃப்டுக்கெல்லாம் அடியே தெரியாது. இதுல கைய வுட்டா அடி தட்டுது" என்று சிரித்தார். பிறகு, "அடுத்த வருசம் யார் பேர சொல்லப் போற?" என்றார்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஊர்ல யாரோட பேச்சு இல்ல?"

டிரில்லர் என்னை முறைத்தார். என் கையிலிருந்த மட்டையை வாங்கி ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் தொண்டையைச் செருமி, வேண்டாவெறுப்பாக, ஒரு பெயரைச் சொன்னார்.