பெருவுக்குப் போக ஓர் ஊசி

போன வருடம் இலையுதிர் காலம். ஹனோவரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மகளும் மருமகனும் பேரனும் வந்திருந்தார்கள். பேத்தி இங்கே ஹனோவரில்தான் படிக்கிறாள். அடுத்த கோடைக்கு ஐந்து பேருமாகத் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போவதென்று பேச்சு. நாங்கள் ஆளுக்கொரு வருடம், ஆளுக்கொரு வழியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். எல்லோரும் ஒன்றாக ஒரு விமானத்தில் ஏறியதே இல்லை. அதனால் இந்தப் பயணத்தை நான் விடுவதாக இல்லை.

பேத்திக்கு மலைமேல் இருக்கும் பழைய கல் நகரம் பார்க்க வேண்டும். பேரனுக்குக் காட்டு ஆற்றில் படகு. மருமகன் கணினியைத் திருப்பிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமி, காட்டுக்குள்ள நாலு நாள். உங்களுக்கு ஏலுமோ?"

"தம்பி, நான் வன்னிக் காட்டுக்குள்ளால பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தனான். உங்கட படகில சும்மா இருக்க ஏலாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பெயரும் பட்டியலில் ஏறியது.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்த வசந்த காலத்திலிருந்து மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு குளிசை எடுத்து வந்தேன். மகளுக்குத் தெரிந்தால் "அம்மாவுக்கு ஏலாது" என்று முடிவு கட்டி, என்னை வீட்டில் விட்டுவிடுவாள். வைத்தியரிடம் நான் தனியாகத்தான் போய் வருவேன். அதனால் ஒருவருக்கும் தெரியாது.

காட்டுக்குப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும் என்றார்கள். பேத்தி டெர்மின், அதாவது டாக்டரைப் பார்க்க நேரம் எடுத்து, ஊசி போடும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நிரப்பச் சொல்லி இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தந்தார்கள்.

"அம்மம்மா, தாங்கோ, நான் வாசிச்சு நிரப்புறன்."

"எனக்குத் தெரியும். நீ உன்ர போனைப் பார்."

எனக்கு என்ன தெரியும்? ஊரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் இருந்த ஒரு அக்கா எனக்கு ஒரு வழி சொல்லித் தந்திருந்தா. "வருத்தம் இருக்கோ எண்டு கேட்டால் எல்லாத்துக்கும் நைன் போடு. ஒரு யா போட்டியோ, இன்னொரு டெர்மின்." நைன் என்றால் இல்லை, யா என்றால் ஆம். அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் நைன் என்ற கட்டங்களில் கோடு போட்டு, கையெழுத்தும் வைத்துக் கொடுத்து வந்தேன். அன்றும் மேலிருந்து கீழ்வரை அதையே செய்தேன்.

என் வயதுக்காரருக்கு அந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்களாம். டாக்டர் தாளைப் பார்த்தார். ஒரு நோயும் இல்லை, மருந்தும் இல்லை. வாயாலும் கேட்டார்; அதற்கும் நைன் என்றேன். சரி என்று சொல்லி, ஊசி போடும் தாதியிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கும் அறுபது இருக்கும். ஊசியைக் கையில் எடுத்துவிட்டா. நான் சட்டைக் கையைச் சுருட்டும்போது என் விரல்களைக் கண்டா. மூட்டு மொளியெல்லாம் வீங்கியிருந்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, இதற்கு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டா. வழக்கமான நைன் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குள் அவ தன் கையுறையைக் கழற்றி, தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தா. அதே வீக்கம், அதே கோணல்.

"எனக்குக் குளிசை திங்கட்கிழமை," என்றா.

"எனக்குப் புதன்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவ டாக்டரைக் கூப்பிட்டா. அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. என் குளிசையோ உடம்பின் எதிர்ப்பைக் குறைப்பது. இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று டாக்டர் விளக்கினார். பக்கத்தில் நின்ற பேத்தியின் முகம் வெளுத்துவிட்டது. டிராமில் ஏறியதும் தொடங்கினாள்.

"பெருவுக்குப் போறதுக்கு முதலே மேல போயிருப்பியள்! உங்களுக்கு விசரோ அம்மம்மா?"

"ஓம், பிழைதான். கத்தாதை, சனம் பாக்குது."

அன்று மாலையே மகளுக்கு நானே போன் எடுத்து, குளிசை, தாள், நைன் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப காடு வேண்டாம். ஒருத்தரும் போகேல்லை," என்றாள்.

"அதெப்படி? பிள்ளையள் தகப்பனோட காட்டுக்குப் போகட்டும். நீயும் நானும் அந்த நாலு நாளும் லிமாவில கடற்கரையில நிப்பம். மலைக்கு நான் ஏறலாமோ எண்டு என்ர வைத்தியரைக் கேப்பம். ஏறலாம் எண்டால் நானும் வாறன்."

"நீங்கள் கேட்டுச் சொன்னால் நம்ப மாட்டன். நானும் வருவன்."

வந்தாள். மெதுவாக ஏறி, நாளுக்குக் கொஞ்சமாக நடந்தால் மலைக்குப் போகலாம் என்று வைத்தியர் அவளுக்கு முன்னாலேயே சொன்னார். விமானச் சீட்டு எடுத்தாயிற்று, ஜன்னலோரம் எனக்குத்தான். இப்போது எந்தத் தாள் வந்தாலும் பேத்தி சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்ன பிறகே கையெழுத்து வைக்கிறேன். பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் நிற்கட்டும்.

அன்று அந்தத் தாதி என் முன்னால் நின்று என்னை அதட்டிக் கேட்டிருந்தால், நான் பொய்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இன்று ஒருவரிடம் உண்மையைக் கேட்க வேண்டி வந்தால், முதலில் என்னுடையதைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.