கிழவர் வழி

“எனக்கு யாரு துணையும் வேணாம்யா. நான் வர்றேன்னு தெரிஞ்சா மலையே ஒதுங்கி வழி விடும்” என்று விமானிகள் ஓய்வறையில் ஒரு நாள் அறிவித்தார் ராஜாளி. மலைகள் மறுப்பு எதுவும் தெரிவிக்காததால் அதை அவர் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்.

ராஜாளி என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். தொழில், தபால் மூட்டைகளைச் சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு ராத்திரி நேரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊருக்குப் பறப்பது. மூட்டைகள் எதிர்த்துப் பேசாது என்பதால் அவற்றோடு நல்ல உறவு. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. வாடகை அறையில் ஒரே நாற்காலி. இன்னொன்று வாங்கினால் அதில் யார் உட்காருவது என்ற நியாயமான கேள்வி எழுந்ததால் வாங்கவில்லை.

அந்த ஊரில் இருட்டிய பிறகு இறங்க ஒரு விதி உண்டு. உயரத்தைக் குறைக்காமல் முதலில் ஓடுபாதைக்கு நேர் மேலே வந்துவிட வேண்டும். அப்புறம் பள்ளத்தாக்குக்குள்ளேயே வட்டமடித்து இறங்க வேண்டும். ராஜாளி இதற்குக் ‘கிழவர் வழி’ என்று பெயர் வைத்திருந்தார். ஓடுபாதை விளக்குதான் பளிச்சென்று தெரிகிறதே, நேராகச் சரிந்து போனால் என்ன என்பது அவர் கட்சி. விளக்குக்கும் தமக்கும் நடுவில் இருப்பது இருட்டில் தெரியாது என்ற சில்லறை விஷயத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இதுவரை நிலா துணைக்கு வந்திருந்தது. அந்தத் துணையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த ஊர் விமான நிலையக் கோபுரத்தில் ராத்திரி வேலை பார்ப்பவன் ஒரு வாயாடி. “அண்ணே, இன்னைக்கு எங்க மாமியார் என்ன பண்ணாங்க தெரியுமா?” என்று ரேடியோவில் ஆரம்பிப்பான்.

“காத்து எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. உன் மாமியார் எந்தப் பக்கம்னு எனக்கு வேணாம்” என்று நறுக்கிவிடுவார்.

நிலா வராத ஒரு ராத்திரி, வழக்கம்போல நேராகச் சரிந்துகொண்டிருந்தார். ஓடுபாதையின் இந்தக் கோடியில் இருந்த விளக்குகள் மறைந்தன. பிறகு அதற்கடுத்தவை.

“என்னப்பா, கரண்ட் போயிடுச்சா?”

“இல்லண்ணே. எல்லாம் ஜம்முனு எரியுது.”

எரிகிற விளக்கு தெரியவில்லை என்றால் நடுவில் ஏதோ நிற்கிறது. ஒதுங்கும் உத்தேசமே இல்லாமல் நிற்கிறது.

இன்ஜினை முழுசாக முடுக்கி, விமானத்தின் மூக்கைத் தூக்கினார். கண்ணாடிக்கு வெளியே ஒரே கருப்பு. அதில் வானம் எது, பாறை எது என்று சொல்ல ஆளில்லை. விமானத்தின் சொந்த வெளிச்சத்தில் மரக்கிளைகள் சில, கைக்கு எட்டும் தூரத்தில் வந்து, கீழே போயின. அப்புறம்தான் விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தெரிந்தன.

“அண்ணே? எங்க இருக்கீங்க?”

“மேலதான். உங்க தலைக்கு மேல வந்து, வட்டமடிச்சு இறங்கறேன்.”

“கிழவர் வழியா?”

“ஆமா.”

ரேடியோவில் வெறும் இரைச்சல். பின்னால் மூட்டைகள் வழக்கம்போல மௌனம்.

“தம்பி, இருக்கியா?”

“இருக்கேண்ணே.”

“உன் மாமியார் என்ன பண்ணாங்கன்னு சொல்லு. நான் இறங்கற வரைக்கும் சொல்லிட்டே இரு.”