பாறணை இல்லாத விரதம்

விரதம் பிடிக்கிறவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் இது எழுதாத சட்டம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம், அதற்கு மேல் பேசினால் அம்மா முறைப்பார். நான் எதற்கும் வாய் திறக்கிறவள். என்னையே அந்தச் சட்டம் மாதக்கணக்கில் கட்டிப் போட்டது.

உவர்மலையில், ஜன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரிகிற வீடு எங்களது. அப்பா போன பிறகு அம்மா, நான், என்னைவிட மிகவும் இளைய தங்கச்சி, மூன்று பேர்தான். எனக்கு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை. அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள்.

ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு மாமி, "நல்லாக் கொழுத்திட்டாய் பிள்ளை" என்று அவள் கன்னத்தைக் கிள்ளியதில் எல்லாம் தொடங்கியது. அந்த மாமி அப்போது இரண்டாம் தரமாகப் பாயாசம் குடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார் என்பது வேறு கதை. வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி போனில் ஒரு உடற்பயிற்சிப் பக்கத்தை ஃபாலோ பண்ணினாள். அது நல்ல பக்கம்தான். ஒரு பெண் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக் கை காலை நீட்டி மடக்குவாள். நானும் சேர்ந்து செய்தேன். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று, "வீடு இடிஞ்சு விழப்போகுது" என்று சிரிப்பார்.

ஆனால் போன் ஒரு பொல்லாத கடைக்காரன். கால் கிலோ பருப்புக் கேட்டால் மூட்டையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஒரு பக்கத்துக்குப் பின்னால் பத்துப் பக்கம் வந்தது. சோறு நஞ்சு என்கிற ஒருவர். பசியே ஒரு கெட்ட பழக்கம் என்கிற ஒருத்தி. மெலிய முதல் ஒரு படம், மெலிந்த பிறகு ஒரு படம் என்று ஒட்டிவைத்து நடுவில் பவுடர் டின் விற்கிற இன்னொருத்தி.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது கண்ணில் பட்டது அவளுடைய பக்திதான். வெள்ளிக்கிழமை உபவாசம் என்றாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. புரட்டாதிச் சனி, நவராத்திரி, அது முடியக் கௌரிக்காப்பு, தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி. பட்டினி கிடக்க ஆசைப்பட்டவருக்கு எங்கள் பஞ்சாங்கத்தில் நாளுக்கா பஞ்சம்? கோயிலில் பெண்கள் அம்மாவைப் பிடித்து, "உங்கட இளையவ மாதிரி இந்தக் காலத்தில ஆர் விரதம் பிடிக்குதுகள்? நல்ல இடம் அமையும், பாருங்கோ" என்றார்கள். அம்மா குளிர்ந்து போவார்.

எனக்குக் குளிரவில்லை. அவளுடைய சட்டைகளை அம்மா திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்தார். குளியலறையில் தண்ணீர் போகிற துவாரத்தை அவளுடைய தலைமயிர் அடைத்தது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அவள் கை சில்லென்று இருந்தது. சாமி கும்பிட்டு வருகிறவரின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். இவள் முகத்தில் பயம் இருந்தது.

சஷ்டியின் நடுவில் ஒருநாள் கோயில் வீதியில் படம் எடுக்கச் சொல்லித் தன் போனைத் தந்தாள். என் விரல் எங்கோ பட்டு அந்தப் பக்கங்கள் திறந்துவிட்டன. விலா எலும்பு தெரிய நின்ற பெண்கள், இன்றைக்கும் வென்றுவிட்டேன் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் என் தங்கச்சி இதயம் போட்டிருந்தாள்.

அவள் பார்ப்பதை நானும் பார்த்தால் விளங்கும் என்று அதே பக்கங்களை என் போனிலும் ஃபாலோ பண்ணினேன். நான் நாற்பது தாண்டியவள், கிண்ணியாவிலிருந்து வருகிற மீன்காரரோடு பாரை மீனுக்குச் சண்டை பிடிக்கிறவள், சாப்பாட்டில் வெட்கம் பார்க்காதவள். இரண்டு நாளிலேயே பிட்டுக் கோப்பைக்கு முன்னால் என் கை தயங்கி நின்றது. என்னையே இது பிடித்தால் அவள் கதி என்ன? அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். சஷ்டி முடியட்டும், பாறணைக்குச் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று பொறுத்திருந்தேன். எந்த விரதத்துக்கும் ஒரு பாறணை உண்டு. குளித்து, சாமிக்குப் படைத்து, வாழையிலையில் சாப்பிட்டால்தான் விரதம் நிறைவு பெறும். சாப்பிடாவிட்டால் பிடித்ததற்குப் பலனும் இல்லை.

சூரன்போர் முடிந்த மறுநாள் விடியற்காலை, வெளியே மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அம்மா தனியாளாய் நின்று சோறும் கறிகளும் சமைத்து, இலை போட்டு, அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து இருந்தாள். இலையைத் தொடவில்லை.

"நான் இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கப் போறன், அம்மா."

"ஆருக்குப் பிள்ளை? சஷ்டி நேற்றோட முடிஞ்சுதே."

அவளிடம் சொல்வதற்கு ஒரு சாமியின் பெயரும் இருக்கவில்லை. "சும்மாதான்" என்றாள்.

"பாறணை இல்லாம ஒரு விரதமோ? நான் கேள்விப்படேல்லை." அம்மாவின் குரல் கம்மிப் போயிற்று.

தங்கச்சி எழும்பினாள். கதவு நிலையைப் பிடித்தாள். பிடித்தபடியே வழுகிக் கீழே விழுந்தாள்.

அம்மா குளறி அழுதார். நான் அவளை அள்ளித் தூக்கினேன். தூக்க முடிந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இடுப்பு வலிக்காரி நான், வளர்ந்த ஒரு பெண்ணை மழைக்குள் சந்தியில் நின்ற ஓட்டோ வரைக்கும் தனியே தூக்கிக்கொண்டு போனேன். கடவுளே, கடவுளே என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் பெண், அமைதியான ஆள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார்.

"விரதம் டொக்டர், கந்தசஷ்டி" என்றார் அம்மா. அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

தங்கச்சி கண்ணைத் திறக்கவில்லை. "விரதமில்லை அம்மா" என்றாள். "எனக்குச் சாப்பிடப் பயமாக் கிடக்கு."

அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு கிளினிக்குக்குப் போய் வரத் தொடங்கினோம். போனைத் துறைமுகத்தில் எறிந்துவிடுகிறேன் என்று அங்கே நான் கத்தினேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மையார் சிரித்தார். "எறிய வேண்டாம். அவவே இருந்து தெரிவு செய்யட்டும். சொல்லுறவர் அதைப் படிச்ச ஆளோ, ஏதும் விக்கிறாரோ எண்டு பாருங்கோ. பார்த்து முடியப் பயம் வருதெண்டா, அந்தப் பக்கம் வேண்டாம்."

கட்டிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். சோறு நஞ்சு என்றவர் முதலில் போனார். எனக்குப் பரம சந்தோஷம். பவுடர்க்காரி போனாள். போத்தல் தூக்குகிறவள் நின்றாள். படித்த ஒரு பெண், எங்கள் சாப்பாட்டையே வைத்துப் பேசுகிறவர், அவரையும் வைத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் பக்கம் வந்தது. எந்த ஊரோ தெரியாது, பள்ளிக்கூடம் போகிற வயதுதான் இருக்கும். தன் சாப்பாட்டுத் தட்டை மட்டும் படம் எடுத்துப் போடுகிறவள். தட்டு வர வர வெறுமையாகிக்கொண்டே வந்தது.

"இவவை எடுக்க ஏலாது அக்கா. நான் மட்டும்தான் பார்க்கிறனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போனைப் பறிக்கப் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தங்கச்சி அந்தப் பிள்ளைக்கு எழுதினாள்: "நான் ஆஸ்பத்திரிக்குப் போனனான். நீங்களும் போங்கோ." எழுதிவிட்டுப் பக்கத்தை எடுத்தாள்.

தை பிறந்து சில நாளில் ஒரு காலை, மூவரும் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கச்சி பாதிக்கு மேல் முடித்திருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள், "அக்கா, அந்தத் தட்டுப் போடுற பிள்ளைக்கு நான் எழுதினதை அவ இன்னும் பார்க்கேல்லை. பக்கத்தைப் போய்ப் பார்த்தனான். அண்டைக்குப் பிறகு தட்டுப் படமும் போடேல்லை."

அம்மா அவள் கோப்பையில் இன்னொரு பிடி பிட்டை வைத்தார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.