உப்பு ஜாஸ்தியான ஒரு கிரிவலம்

திருவண்ணாமலைக்கு நான் போனது சாமிக்காக மட்டும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலைப்பதிவுக்குச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது.

கல்லூரியில் படித்த காலத்திலிருந்து தினமும் டைரி எழுதுகிறவள் நான். ஒரு நாள் விட்டுப்போனால் பல் தேய்க்காத மாதிரி இருக்கும். வலைப்பதிவு தொடங்கியது போன சித்திரையில்தான். தொடங்கி வைத்தவள் என் நாத்தனார் கலா. "டெய்லி டைரி எழுதறவங்களுக்கு பிளாக்லாம் ஜுஜுபி அண்ணி" என்று சொல்லி, பெயர் வைத்து, பாஸ்வேர்டு கூட அவளே போட்டுக் கொடுத்தாள். நானும் கோபுரத்தின் உயரம், பிரகாரத்தின் நீளம், பஸ் நேரம் என்று எழுதித் தள்ளினேன். பின்னூட்டத்தில் "அருமை அண்ணி" என்று கலா ஒருத்தி மட்டும் வருவாள். பாசமா, பரிதாபமா, தெரியாது. அவள்தான் இந்த 2007 ஆவணிப் பௌர்ணமிக்குக் கூப்பிட்டாள். "கிரிவலம் வாங்க, எழுத விஷயம் கிடைக்கும்" என்றாள். கிடைத்தது, தாராளமாகவே!

கோயம்பேட்டில் பகல் ஒரு மணிக்கு பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாக ஐந்து மணி நேரம். செஞ்சிக் கோட்டை வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்காதீர்கள், நான் தூங்கிவிட்டேன். கலா வீடு வேங்கிக்காலில், அவள் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே. இரவு வத்தக்குழம்பு வைத்திருந்தாள். "சூப்பர் கலா!" என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இணைய இணைப்பு கிடையாது. ஆனாலும் தமிழில் தட்டலாம். கை பழக வேண்டும் என்பதற்காக இப்போதெல்லாம் டைரியையும் தட்டித்தான் வைக்கிறேன். ஆக, டைரி ஒரு கோப்பு, பதிவு ஒரு கோப்பு. இரண்டுக்கும் அன்றைய தேதியையே பெயராக வைத்து, கடைசியில் ஒன்று, இரண்டு என்று போட்டு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.

மூன்று மணிக்கு ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தோம். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர், செருப்பில்லாமல். ரமணாசிரமம் தாண்டுவதற்குள் செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து பதிவைப் போட்டேன். பத்து நிமிஷ வேலை. எனக்கு எப்போதும் பதிவைத் திரும்பப் படிக்கப் பிடிக்காது. படித்தால் மாற்றத் தோன்றும்.

பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் ஒன்றான எமலிங்கத்தில் கலாவுக்கு ஒரு போன் வந்தது. ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அவள் நடை அநியாயத்துக்கு மெதுவாகிவிட்டது. "கிரிவலத்துல அவசரப்படக்கூடாது அண்ணி. நெறமாசக் கர்ப்பிணி நடக்கற மாதிரி நடக்கணும்" என்றாள். சரி, பக்தி என்று நினைத்தேன்.

அடி அண்ணாமலையில் எனக்குப் போன். என் வீட்டுக்காரர்.

"என்னடி எழுதி வெச்சிருக்க? கலா வத்தக்குழம்புல உப்பு ஜாஸ்தினு ஊருக்கே சொல்லணுமா?"

ஒன்றும் இரண்டும் மாறிப்போயிருக்கிறது. போட்டது டைரி! உப்பு ஜாஸ்தி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தேன், பொய்யாக சூப்பர் என்றேன், எல்லாம் அதில் இருந்தது. கலாவின் ஆபீசில் என் பதிவை எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளே! "நீங்களாவது அழிங்களேன்" என்று கிசுகிசுத்தேன். அவர் ஆபீசை விட்டுக் கிளம்பி பஸ் ஏறிவிட்டாராம்.

அந்தப் பக்கம் பிரவுசிங் சென்டர் எதுவும் கண்ணில் படவில்லை. பௌர்ணமி என்பதால் வண்டிகளை விடவில்லை. விட்டாலும், பாதியில் ஆட்டோ ஏறினால் அது கிரிவலமா? கொஞ்சம் வேகமாக நடந்தால் கலா கையைப் பிடித்து இழுத்தாள். வாயு லிங்கத்தில் நின்றாள். குபேர லிங்கத்தில் வரிசை. நடுவில் சுண்டல். அதில் உப்பு கம்மி என்று வேறு சொன்னாள்.

அப்புறம் இடுக்குப் பிள்ளையார். சின்ன மண்டபம். பின்பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து முன்பக்கம் வர வேண்டும். தலைவலி, இடுப்புவலி போகும் என்பார்கள். ஒல்லிக்குச்சி கலா சர்ரென்று வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் தோள் வரைக்கும் வந்தேன். இடுப்பு வரவில்லை. கை கொடுப்பாள் என்று பார்த்தால் கன்னத்தில் கை வைத்துக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் அண்ணி, நெஜமாவே உப்பு ஜாஸ்தியா?"

"கலா! உனக்கு எப்படி…"

"எமலிங்கத்துலயே தெரியும். ஆபீஸ்லர்ந்து போன் வந்துச்சு இல்ல? படிச்சுக் காட்டினாங்க."

"அடிப்பாவி! நான் போய் அழிச்சிடக்கூடாதுனுதான் ஆமை மாதிரி நடந்தியா? முதல்ல இழுடி!"

கல்யாணமாகி இந்த நாலு வருஷத்தில் அவளை நான் "டி" போட்டதே இல்லை. அவள் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "கடைசி வரியையும் படிச்சாங்க அண்ணி" என்றபடி என் கையைப் பிடித்து இழுத்தாள். கண் கலங்கியிருந்தது. அந்த வரி இதுதான்: 'கலாவிடம் இன்னும் விருந்தாளி மாதிரியே பேசுகிறேன். ஒரு நாளாவது உரிமையோடு சண்டை போட்டால் தேவலை.'

எனக்கும் அழுகை வந்துவிட்டது. வரிசையில் பின்னாலிருந்த ஒரு அம்மா, "அழறதுனா அந்தாண்ட போய் அழுங்கம்மா, நாங்க வரணும்" என்றார்.

எட்டரைக்குக் கிரிவலம் முடித்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சென்டருக்குள் போனோம். பதினோரு பின்னூட்டம்! முகம் தெரியாதவர்கள் எல்லாம் உப்பு கதை சொல்லியிருந்தார்கள். நான் அழிக்கப் போனேன். கலா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். "இத்தன நாளா கோபுரம் எத்தன அடினு எழுதினீங்க, யாரு கேட்டா? இது இருக்கட்டும்" என்றாள். பன்னிரண்டாவதாக அவளே தட்டினாள்: "அருமை அண்ணி. உப்பு சரியாத்தான் இருந்தது."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள், மத்தியானம் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. தண்ணீர் வழியெல்லாம் கிடைக்கும். இடுப்பு சம்பந்தமாகச் சந்தேகம் இருந்தால் இடுக்குப் பிள்ளையாரை வெளியிலிருந்தே கும்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். பதிவு எழுதுகிறவர்கள் தினமும் டைரியும் எழுதுங்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து எதை வெளியே விடலாம் என்று நிதானமாகப் பாருங்கள். கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள்.

மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்தேன். விருந்தாளிக்கு வரும் காபி வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அண்ணி, சும்மாதானே இருக்கீங்க? வந்து உப்பு பாருங்க." போய் நின்றேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார் விட்டாள்.

நக்கிப் பார்த்தேன். "கம்மிடி" என்றேன்.